கல்யாணத் தேதி சரி, பொண்ணுதான் வேற

"அம்மா, உங்க பேரு சித்ரலேகாவா?"

அர்ஷியா இப்படிக் கேட்டதும் ஞானம்பாளுக்குச் சிரிப்புதான் வந்தது. மேலப்பாளையம் பஜார் முனையில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் அந்தப் பெண்ணுக்கு இவளை நன்றாகத் தெரியும். கரண்ட் பில், ஆதார், கேஸ் என்று எல்லாவற்றுக்கும் இவள்தான் வந்து நிற்பாள்.

"காலங்காத்தாலயே என்ன கேலி? என் பேரு ஒனக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும்மா. பட்டாளத்துக்குத் தெரியலியே."

அர்ஷியா திரையைத் திருப்பிக் காட்டினாள். ஓய்வு பெற்ற ராணுவத்தாரின் பென்ஷன் விவரங்கள் கம்ப்யூட்டருக்கு மாறிக்கொண்டிருந்த சமயம் அது. எல்லாம் ஒழுங்காக ஏறியிருக்கிறதா என்று அவரவர் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். மேலே ஹவில்தார் ஆவுடைநாயகம் என்று இருந்தது. சரி. பிறந்த தேதி, பட்டாளத்தில் சேர்ந்த தேதி, ஓய்வு பெற்ற தேதி, எல்லாம் சரி. மகள் விஜயஸ்ரீ, பிறந்த வருஷம் 1988. சரி. கல்யாணத் தேதி 1986 ஜூலை பத்து. அதுவும் சரி. மனைவி: சித்ரலேகா.

ஞானம்பாள் பக்கத்து நாற்காலியில் இருந்த புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். ஆவுடைநாயகம் சுவரில் ஒட்டியிருந்த ஜெராக்ஸ் விலைப்பட்டியலை வெகு கவனமாகப் படித்துக்கொண்டிருந்தார்.

"அத்தான்."

"ம்."

"என்ன இது?"

"எது?"

"என்னயக் கோட்டியாக்காதீங்க. இவ யாருன்னு எனக்குத் தெரியும். இதுக்குள்ள எப்படி வந்தா?"

"வீட்டுல போய்ப் பேசுவோம்ட்டி. பைய."

பைய என்கிற அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டே மனுஷன் பாதி ஆயுளை ஓட்டிவிட்டார்.

சித்ரலேகா யாரென்று ஞானம்பாளுக்குத் தெரியாமல் இருக்குமா? சித்ரலேகாவுக்கு எடுத்த கூறைப்புடவையைக் கட்டிக்கொண்டுதானே இவள் மணையில் உட்கார்ந்தாள்!

அந்த வருஷம் ஆனி மாசம், ஆவுடைநாயகத்துக்குச் சேரன்மகாதேவியில் பெண் பார்த்து முடிவாகியிருந்தது. டவுனில் மாப்பிள்ளை வீட்டு வாசலில் பந்தக்கால் நட்டாயிற்று. கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது பெண்ணின் தாத்தா காலமாகிவிட்டார். பதினாறு கழியாமல் அந்த வீட்டில் நல்ல காரியம் கிடையாது. பதினாறு கழிந்தால் ஆடி பிறந்துவிடும், ஆடியில் எவன் தாலி கட்டுவான்? ஆடி முடியட்டும் என்றால் மாப்பிள்ளைக்கு லீவு முடிந்துவிடும். பட்டாளத்து லீவு, நம் இஷ்டத்துக்கு நீளாது. நட்ட பந்தக்காலைக் கல்யாணம் நடக்காமல் பிடுங்கினால் குடும்பத்துக்கு ஆகாது என்று வீட்டுப் பெரியவர்கள் ஒரே பிடியாக நின்றார்கள்.

ஆவுடைநாயகத்தின் அம்மா தன் அண்ணன் வீட்டுக்கு ஓடினாள். அந்த அண்ணன் மகள்தான் ஞானம்பாள். "பட்டாளத்தானுக்குப் பொண்ணு கிடையாது" என்று முந்தின வருஷம் அதே வாசலில் தங்கச்சியைத் திருப்பி அனுப்பியவர், அவள் தலையில் அடித்துக்கொண்டு அழுததும் சரியென்றுவிட்டார். ஞானம்பாளிடம் யாரும் கேட்கவில்லை. காலேஜில் இரண்டாம் வருஷம் முடித்துவிட்டு மூன்றாம் வருஷப் புத்தகம் வாங்கி வைத்திருந்தாள். புடவையை யாருக்கு எடுத்தாலும் யாரும் கட்டலாம். ஜாக்கெட் அப்படியில்லையே! வேறொருத்தி அளவுக்குத் தைத்த ஜாக்கெட்டை முதுகில் ஊக்குக் குத்தி இழுத்துக் கட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் கழுத்தை நீட்டினாள்.

இதெல்லாம் ஊருக்கே தெரிந்த கதை. தெரியாத கதையைக் குலவணிகர்புரத்து வீட்டுக்கு வந்து மின்விசிறியைப் போட்ட பிறகு ஆவுடைநாயகம் சொன்னார்.

"கல்யாண லீவு கேட்டப்போ பத்திரிகையும் சேத்துக் கொடுத்தேம்லா. எங்க யூனிட்டுல ஒரு கிளார்க், நல்ல மனுசன். நான் திரும்பிப் போறதுக்குள்ள, பத்திரிகைல இருந்த பேர வச்சு இன்ன தேதியில இன்ன பொண்ணக் கட்டினான்னு பதிஞ்சு வச்சுட்டான். நீ நாயா அலைய வேண்டாம், முடிச்சுட்டேன், லட்டு கொடுன்னான். கையெழுத்துப் போடச் சொன்னான். போட்டேன்."

"பேரப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"பாத்துட்டுமா போட்டீங்க?"

"லீவு கேட்டது ஒரு பொண்ணச் சொல்லி, கட்டினது இன்னொரு பொண்ணன்னா, அதை அவன்கிட்ட இந்தியில எப்படிட்டி சொல்ல? பந்தக்காலுக்கு இந்தியில என்னன்னு எனக்குத் தெரியுமா? பொய் சொல்லி லீவு வாங்கிட்டான்னு கம்பிய எண்ண வச்சுட்டா? சரி, பொறவு மாத்திக்கிடலாம்னு இருந்தேன்."

"எப்ப? என்னயத் தூக்கின பொறவா?"

ஆவுடைநாயகத்திடம் ஒரு பழக்கம். மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவன் யாராக இருந்தாலும் அவருக்கு ஆபீசர்தான். ரயில்வே கவுண்டரில் இருப்பவன், பேங்கில் சலான் வாங்குகிறவன், யார் என்ன சொன்னாலும் குதிகாலைச் சேர்த்து வைத்துக்கொண்டு "ஆமா சார்" என்பார். பாகிஸ்தான் எல்லையில் பனியில் நின்றவர், மேஜைக்கு முன்னால் மட்டும் பெட்டிப்பாம்பு.

சும்மா கிடந்த சமாசாரம்தானே என்று இதை விட்டுவிடவும் முடியாது. தை மாசம் ஆவுடைநாயகத்துக்கு நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் ஆகியிருந்தது. அவருக்கு ஒன்று ஆகிவிட்டால் அதற்குப் பிறகு வருகிற பென்ஷன் ரெக்கார்டில் மனைவி என்று இருக்கிறவளுக்குத்தான். ரெக்கார்டில் ஞானம்பாள் என்று ஒருத்தியே கிடையாது.

மறுநாளே பஸ் ஏறிப் பாளையங்கோட்டைக்குப் போனார்கள். முன்னாள் ராணுவத்தாரின் மனுக்களை வாங்கி வடக்கே அனுப்புகிற ஆபீஸ் ஒன்று அங்கே மாடியில் இருந்தது. ஜன்னலுக்குப் பின்னால் கிங்ஸ்லி என்கிற கிளார்க். நல்ல பையன்தான், சிரித்த முகம், ஆனால் அந்தச் சிரிப்பைப் பார்க்கப் பார்க்க ஞானம்பாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கிங்ஸ்லி பழைய ஃபைலை எடுத்துப் பிரித்தான். ஓய்வு பெற்றபோது கொடுத்த ஜோடிப் போட்டோ. ஆவுடைநாயகம் மீசையோடு விறைப்பாக இருந்தார். பக்கத்தில் நீலப் புடவையில் ஞானம்பாள். கீழே டைப் அடித்த பெயர், சித்ரலேகா.

"இது நான்தானே தம்பி! இந்த மூக்குத்தியப் பாருங்க, இதே மூக்குத்தி."

"நீங்கதாம்மா. ஆனா கீழ சித்ரலேகான்னு இருக்கே. அப்போ சித்ரலேகா மூஞ்சி இதுதான்னு ரெக்கார்டு சொல்லுது. நீங்க ஞானம்பாள்னு சொல்லுதீங்க. ரெக்கார்டுப்படி பாத்தா, உங்க மூஞ்சியே உங்களுது இல்லம்மா."

"ஆமா சார்" என்றார் ஆவுடைநாயகம்.

"என்னத்த ஆமா சார்! சும்மா இருங்க அத்தான்."

கிங்ஸ்லி விதிப்புத்தகத்தைப் புரட்டினான். ரெக்கார்டில் இருக்கும் மனைவியை எடுக்க இரண்டே வழி. இறப்புச் சான்றிதழ், இல்லையென்றால் விவாகரத்துத் தீர்ப்பு.

"அவளக் கட்டவே இல்லியே தம்பி! கட்டாதவள எப்படி அறுத்துவிட?"

"கட்டாத பொண்டாட்டிய எடுக்குறதுக்கு ரூல் இல்லம்மா. அப்படி ஒண்ணு வரும்னு ரூல் எழுதுனவன் நினைச்சிருக்க மாட்டான்."

"சரி, நான் கட்டினவதானே? என்னயச் சேருங்க."

"கல்யாணப் பத்திரிகை இருக்கா?"

முந்தின நாள் சாயங்காலம் முடிவான கல்யாணத்துக்கு எவன் பத்திரிகை அடிப்பான்? அந்தக் கல்யாணத்துக்கென்று உலகத்தில் இருப்பது ஒரே ஒரு பத்திரிகை. அது பட்டாளத்து ஃபைலில் பத்திரமாக இருந்தது. சித்ரலேகா பெயர் போட்டது.

"ஒரே தேதி, ஒரே மாப்பிள்ளை, ஒரே முகூர்த்தம்" என்று கிங்ஸ்லி தலையைச் சொறிந்தான். "மேல இருக்கிறவங்க கேப்பாங்கம்மா. அன்னைக்கு ரெண்டு கல்யாணமா நடந்துச்சுன்னு."

முதல் மனு பங்குனியில் போயிற்று. காரணம் தெளிவாக இல்லை என்று திரும்பி வந்தது. தெளிவாக எழுதி அனுப்பினார்கள். இவ்வளவு தாமதம் ஏன் என்று கேட்டு வந்தது. தாமதத்துக்குக் காரணம் எழுதினால், மனைவியின் இறப்புச் சான்றிதழை இணைக்கவும் என்று வந்தது. ஒவ்வொரு தடவையும் அர்ஷியாவிடம் டைப் அடித்து, மாடிப்படி ஏறி, கிங்ஸ்லியின் சிரிப்பைப் பார்த்து, பாலத்தில் பஸ் நகராமல் நிற்கும்போது வெயிலில் வெந்து வீடு திரும்ப வேண்டும். ஞானம்பாள் வீட்டுப் பாத்திரமெல்லாம் சத்தம் போட்டது. குழம்பில் இரண்டு தரம் உப்பு விழுந்தது. ஆவுடைநாயகம் அதையும் வாய் திறக்காமல் சாப்பிட்டார். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஒரு நாள் கிங்ஸ்லி உற்சாகமாக ஒரு யோசனை சொன்னான்.

"அம்மா, பேரு மாத்துறதுன்னா ரொம்பச் சுலபம். 'சித்ரலேகா என்ற ஞானம்பாள்'னு கெசட்டுல போட்டுட்டா..."

"ஏன், அப்படியே அவ புருசன் பேரையும் இவருக்கு வச்சிருங்களேன். சோலி முடிஞ்சுது!"

அடுத்த தடவை இதைவிடப் பெரிய யோசனை வந்தது. கிங்ஸ்லி குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"இதுதாம்மா நடக்குற வழி. சித்ரலேகா மொதல் தாரம். ஒத்து வராம, ஊர்ல பேசித் தீத்துக்கிட்டதா ஒரு சீட்டு, முன்தேதி போட்டு. அடுத்த வருசம் உங்களக் கட்டினதா எழுதுவோம். ரெண்டாந்தாரம். மேல ஒருத்தரும் கேள்வி கேக்க மாட்டாங்க. மூணு மாசத்துல ஆர்டர் வந்துரும்."

ஆவுடைநாயகத்தின் முகத்தில் அன்றைக்குத்தான் வெளிச்சம் வந்தது. "ஆமா சார்! அப்படியே செஞ்சிருவோம் சார்."

ஞானம்பாள் விறுவிறுவென்று படி இறங்கினாள். பஸ் ஸ்டாப்புக்கு வந்தாள். அங்கே நிழற்குடையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கிற மாதிரி ஆரம்பித்தாள்.

"நான் ரெண்டாந்தாரமா?"

"பேப்பர்லதானட்டி."

"பேப்பர்லதான! அப்போ நான் எங்கதான் மொதல்? சேலை அவளுது, ஜாக்கெட் அவளுது, பந்தல் அவளுக்குப் போட்டது, பட்டாளத்துல அவ பேரு. எனக்குன்னு இருந்தது ஒரு கழுத்து. இப்ப அதுவும் ரெண்டாவது கழுத்துங்கீங்க!"

"எல்லாரும் பாக்காங்க, பைய..."

"பாக்கட்டும்! விஜயஸ்ரீ யாரு பிள்ளை? இத்தன வருசமா உங்க ரெக்கார்டுல அவ சித்ரலேகா பெத்த பிள்ள. நான் பத்து மாசம் சுமந்தது அவ கணக்குல ஏறுமா?"

ஆவுடைநாயகம் நெஞ்சுத் தழும்பைச் சட்டைக்கு மேலாகத் தடவிக்கொண்டார். ஆபரேஷனுக்குப் பிறகு வந்த பழக்கம்.

"நாளைக்கு நான் போயிட்டா நீ யார்கிட்டயும் கையேந்தக் கூடாதுட்டி. எனக்கு வேற ஒண்ணுமில்ல. எப்படி எழுதினா என்ன, நீ சாப்புடணும்."

அந்த மனுஷன் சொன்னது பொய்யில்லை, ராத்திரி தூங்காமல் அவர் நினைத்துக்கொண்டிருப்பது அது ஒன்றைத்தான் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் கோபம் குறையவில்லை. நியாயம் இருக்கிற மனுஷனிடம் கோபப்படுவதைவிடப் பெரிய எரிச்சல் உண்டா?

"அவளுக்கும் புருசன் பிள்ள இருக்கும்லா. அவ காலம் பூரா நல்லா வாழ்ந்துக்கிட்டு இருக்கும்போது, நம்ம ஒரு சீட்டுல அவள அறுத்துவிட்டவன்னு எழுதணுமா? எனக்குச் சோறு போட அவ பேரக் கெடுக்கணுமா? நான் மாட்டேன்."

மறுநாள் அவரிடம் மார்க்கெட்டுக்கு என்று சொல்லிவிட்டுச் சேரன்மகாதேவி பஸ்ஸில் ஏறினாள். பத்தமடை தாண்டி வயல் வந்ததும் ஜன்னல் காற்று குளிர்ந்தது. அவளுக்கு மட்டும் வியர்த்துக்கொண்டே இருந்தது. என்ன சொல்லி ஆரம்பிப்பது? "நீங்க கட்டிக்காத புருஷனோட பொண்டாட்டி நான்" என்றா?

விசாரித்துப் போனால் உரக்கடை. கல்லாவில் சித்ரலேகாவின் புருஷன் அம்பலவாணன் இருந்தார். விஷயத்தைக் கேட்டு முடித்ததும் கடை அதிர அப்படி ஒரு சிரிப்பு.

"அப்போ பட்டாளத்துக் கணக்குல நான் யாரும்மா? ரெண்டாவது புருசனா?" என்று கேட்டு, உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏ சித்ரா! ஒன் மொத வீட்டுல இருந்து ஆளு வந்துருக்கு!"

சித்ரலேகா சிரிக்கவில்லை. ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர், முழுக்க நரைத்த தலை. ஞானம்பாளை உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தம்ளரை வாங்கி வைத்தாள்.

"உங்க வீட்டுல இருந்து ஒரு ஆள் வந்து எங்ககிட்டச் சொல்லல, தெரியுமா? பத்தாந்தேதி கல்யாணம் முடிஞ்சுட்டுன்னு பால்காரன் வந்து சொன்னான். தாத்தாவ முழுங்கினவ, ராசி கெட்டவன்னு மூணு வருசம் ஒருத்தனும் பொண்ணு பாக்க வரல. இவுக வந்தாக, தப்பிச்சேன். இப்போ வந்து, அந்தாளு பொண்டாட்டியா நான் பட்டாளத்துல குடியிருக்கேன்ங்கீங்க."

ஞானம்பாள் இத்தனை வருஷமும் அந்த ஊக்கு குத்தியது தன் முதுகில் மட்டும்தான் என்றல்லவா நினைத்திருந்தாள்!

"எனக்கு அது தெரியாதுக்கா. அந்தக் கல்யாணம் நடக்கவே இல்லன்னு நீங்க ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தா..."

"தெரிஞ்சு என்ன செய்ய? நான் கையெழுத்துப் போட மாட்டேன். எம்மகளக் கட்டிக் கொடுத்த எடம் ஒரு மாதிரி. என் பேரும் உங்க வீட்டுக்காரர் பேரும் ஒரு தாள்ல இருந்துச்சுன்னு காதுல விழுந்தா, வேற வினையே வேண்டாம்."

"ஏற்கெனவே ஒரு தாள்லதான்க்கா இருக்கு. அதை எடுக்கத்தான் கேக்கேன்."

சித்ரலேகா அசையவில்லை. ஞானம்பாள் எழுந்து செருப்பை மாட்டினாள். மாட்டிக்கொண்டே, மனசு கேட்காமல், கிங்ஸ்லி சொன்ன சீட்டையும் சொல்லிவிட்டாள். நான் அதுக்கு ஒத்துக்கிட மாட்டேன், ஆனா வீட்டுக்காரர் எனக்குத் தெரியாம சரின்னுரப் போறாரு, அதான் உங்க காதுல போட்டு வைக்கேன் என்றாள்.

"என்ன சீட்டு?"

"உங்கள அறுத்துவிட்டதா."

"எனக்கா? கட்டாத தாலிக்கா?" சித்ரலேகாவின் மூக்கு விடைத்தது. உள்ளே போனாள். கைப்பையோடும் குடையோடும் திரும்பி வந்தாள். "அந்தப் பய எத்தன மணி வரைக்கும் ஆபீஸ்ல இருப்பான்?"

அம்பலவாணன் கடையை அப்படியே இழுத்துப் பூட்டிவிட்டுக் காரை எடுத்தார். வருகிற வழியில் குலவணிகர்புரத்தில் நிறுத்தி, சாரத்தோடு நின்ற ஆவுடைநாயகத்தை வேட்டி மாற்ற வைத்து ஏற்றிக்கொண்டார்கள். பின் சீட்டில் சித்ரலேகாவைப் பார்த்ததும் ஆவுடைநாயகம் ஒரு நொடி விறைத்து நின்றார். கை சல்யூட்டுக்குப் போய்ப் பாதியில் இறங்கியது. அம்பலவாணன் விடுவாரா?

"வாரும் அண்ணாச்சி. முப்பத்தெட்டு வருசமா எம் பொண்டாட்டிய உம்ம பட்டாளத்துல வச்சிருக்கீரு. ஒரு பாட்டில் கேண்டீன்ல வாங்கிக் கொடுத்தீரா வே?"

"நான் குடிக்கது இல்லீங்க" என்றார் ஆவுடைநாயகம் பரிதாபமாக.

கிங்ஸ்லி ஃபைலை மூடிக்கொண்டிருந்தான். ஜன்னலுக்கு முன்னால் இரண்டு பெண்கள் வந்து நின்றார்கள்.

"நான்தான் சித்ரலேகா. என் மூஞ்சியப் பாரும். அந்தப் போட்டோவை எடும். பாத்தாச்சா? ரெண்டும் ஒண்ணா?"

"இ... இல்ல டீச்சர்." அவள் டீச்சர் என்று யாரும் சொல்லவில்லை. அந்தக் குரலைக் கேட்டாலே தெரியும்.

"இன்னா நிக்காரே, இவர, பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு நான் ஒரு தடவ பாத்தேன். இன்னைக்கு ரெண்டாந்தடவ. இதுல எங்கன கல்யாணம் வந்துச்சு, எங்கன அறுத்துவிட்டீரு?"

கிங்ஸ்லி எழுந்து நாற்காலி எடுத்துப் போட்டான். அதற்குப் பிறகு கடகடவென்று ஒரு வழி வந்தது. எனக்கும் இவருக்கும் கல்யாணமே நடக்கவில்லை என்று சித்ரலேகா நோட்டரி முன்னால் எழுதிக் கொடுக்க வேண்டும். நடந்தது இன்னது என்று ஆவுடைநாயகம் எழுதிக் கொடுக்க வேண்டும். ஞானம்பாளோடு நடந்த கல்யாணத்தைப் பதிவாளர் ஆபீஸில் பதிந்து சான்றிதழ் வாங்க வேண்டும். எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பினால் மேலே ஒத்துக்கொண்டே தீர வேண்டும்.

"இத மொதல்லயே சொல்லிருக்கலாம்லா தம்பி?" என்றாள் ஞானம்பாள்.

"நீங்க ரெண்டு பேரும் சேந்து வருவீங்கன்னு யாரும்மா கண்டா?"

பதிவாளர் ஆபீஸில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களில் சித்ரலேகாவும் ஒருத்தி. தலை நரைத்த மாப்பிள்ளையையும் பெண்ணையும் பார்த்துவிட்டு, அந்த அதிகாரி இவளைப் பார்த்து, "நீங்க இவங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்.

"பத்திரிகைல பேரு போட்டவ சார்" என்றார் அம்பலவாணன்.

காகிதங்கள் வடக்கே போயின. ஆடி வந்தது, ஆவணி போயிற்று. ஒரு தடவை முத்திரை தெளிவாக இல்லை என்று வந்தது. இன்னொரு தடவை போட்டோவின் பின்பக்கம் வெள்ளையாக இல்லை என்று வந்தது. அந்த இரண்டு தடவையும் ஞானம்பாள் வைததைக் கேட்டு அர்ஷியா காதைப் பொத்திக்கொண்டாள். சித்ரலேகா வாரம் ஒரு தடவை போன் செய்து, "என்னய இன்னும் எடுக்கலியா?" என்று கேட்பாள். ஐப்பசி மழையில் ஆறு இரு கரையும் நிரம்பி ஓடிய ஒரு நாள், கிங்ஸ்லியே கூப்பிட்டான். ஆர்டர் வந்துவிட்டது.

இரண்டு பேரும் நனைந்துகொண்டே மாடி ஏறினார்கள். கிங்ஸ்லி தாளை ஜன்னல் வழியாக நீட்டினான். ஞானம்பாள் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு படித்தாள். மனைவி: ஞானம்பாள். வேறு ஒருத்தியும் இல்லை. முதல், இரண்டாவது என்று எதுவும் இல்லை. மனைவி என்று ஒரே சொல். அவள் விரல் அந்த வரியிலேயே நின்றது. இருபது வயசில் யாரும் கேட்காமல் உட்கார வைத்த மணையில், இந்த ஐம்பத்தெட்டு வயசில்தான் அவளுக்கு ஒழுங்காக இடம் போட்டிருக்கிறார்கள்!

அடுத்த வரிக்கு வந்தாள். கல்யாணத் தேதி: இந்த வருஷம் ஜூன்.

"தம்பி, இது என்ன தேதி?"

கிங்ஸ்லி எட்டிப் பார்த்தான். சிரிப்பு மெல்ல இறங்கியது. "பதிவாளர் ஆபீஸ்ல பதிஞ்ச தேதியக் கல்யாணத் தேதின்னு எடுத்துட்டாங்க போலம்மா."

"அப்போ நாங்க புதுசாக் கல்யாணம் ஆனவங்களா?"

"ரெக்கார்டுப்படி..." என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான். "அம்மா, பென்ஷனுக்கு இது போதும். பேரு வந்துட்டுலா, உங்களுக்கு ஒரு கொறையும் வராது. மறுபடி திருத்தம்னா இன்னும் எத்தன மாசமோ. விட்டுருங்களேன்."

ஞானம்பாளுக்குக் கோபப்படக் கூடத் தெம்பில்லை. இந்த மாடிப்படியில் இனி ஒரு தடவை ஏறுவதா? பெயர் வந்துவிட்டது. சாமி, போதும். அவள் தாளை மடிக்கப் போனாள்.

"சார்" என்றார் ஆவுடைநாயகம். "எம்மக பொறந்த வருசம் அதுல இருக்கா?"

"இருக்கு ஐயா. எண்பத்தெட்டு."

"அப்போ இது எப்படி சார் சரி?"

"பென்ஷனுக்கு அதெல்லாம் யாரும் பாக்க..."

"நான் பாக்கேம்லா." குரல் உயரவில்லை. கை மட்டும் ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்தது. "எம் பொண்டாட்டி முப்பத்தெட்டு வருசம் என் கூட இருந்திருக்கா. ராஜஸ்தான் மணல்ல இருந்திருக்கா, குவார்ட்டர்ஸ்ல தனியாப் பிள்ள பெத்திருக்கா. போன ஜூன்ல வந்தவ இல்ல. எழுதுறதுக்குத் தாள் கொடுங்க சார்."

கிங்ஸ்லி தாளைக் கொடுத்தான். ஆவுடைநாயகம் சுவரோரம் இருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்து, மடியில் ஃபைலை வைத்து, பேனா மூடியைக் கழற்றினார். இத்தனை மாசமாக ஒரு மனுவைக்கூட அவர் கையால் எழுதியதில்லை, எல்லாம் இவள் சொல்ல அர்ஷியா அடித்ததுதான்.

ஞானம்பாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். கண் கரித்தது. அதைக் காட்டிக்கொள்ள அவளுக்கு இஷ்டமில்லை.

"இப்பத்தான் ரோசம் வருது. இத அந்தக் கிளார்க்குகிட்டச் சொல்லிருந்தா, லட்டு வாங்குன துட்டாவது மிஞ்சியிருக்கும்" என்றாள். "தாள்ல மழத்தண்ணி சொட்டுது பாருங்க. தலையத் துடைச்சுட்டு எழுதுங்க."

அவர் துண்டால் தலையைத் துடைத்துக்கொண்டார்.

"முகூர்த்தம் எத்தன மணிக்குட்டி?"

"மணியெல்லாம் எவன் கேட்டான்? தேதிய மட்டும் எழுதுங்க அத்தான்."